பன்னிரண்டு டாலருக்கு எரிமலை காட்டிய முதியவர்

அவர் இடது காலில் சிவப்புக் காலுறையும் வலது காலில் பச்சைக் காலுறையும் அணிந்திருந்தார். முதல் சந்திப்பில் அதை முதுமையின் மறதி என்று எடுத்துக்கொண்டு, கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். அடுத்த வாரமும் அதே சிவப்பு, அதே பச்சை. மூன்றாவது முறை என் மனைவி பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார். "விமானத்தின் இடது இறக்கை நுனியில் எரிவது சிவப்பு விளக்கு, வலது நுனியில் எரிவது பச்சை விளக்கு. இருட்டில் எதிரே வரும் விமானம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். எனக்கு எதிரே வருகிறவர்களுக்கும் அந்த வசதி இருக்கட்டுமே" என்று அவர் சிரிக்காமல் சொன்னார்.

நாங்கள் அப்போது ஒரிகன் மாநிலத்தின் ஹில்ஸ்பரோவில் குடியிருந்தோம். சிப் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. மேகம் விலகிய நாள்களில் அந்தப் பகுதியின் தொடுவானத்தில் மூன்று நான்கு பனிமலைகள் தெரியும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உச்சி இருக்காது. அதுதான் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை. காரில் போனால் ஒரு பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாமே தவிர, அதன் வாய்க்குள் எட்டிப்பார்க்க வேண்டுமானால் ஒன்று நாள் முழுவதும் மலையேற வேண்டும், அல்லது பறக்க வேண்டும். சுற்றுலா நிறுவனங்கள் ஆளுக்கு நூறு டாலருக்குமேல் கேட்டுக்கொண்டிருந்த அந்த 2009ஆம் ஆண்டில், அலுவலக நண்பர் ஒருவர் தன் பக்கத்து வீட்டுக்காரரின் வழியாக இந்த முதியவரைக் கண்டுபிடித்தார். கொலம்பியா ஆற்றைக் கடந்தால் வரும் வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு சிறிய விமானத் தளத்தில் செஸ்னா 172 என்ற அவருடைய சிறு விமானம் நின்றிருந்தது. ஊரின் பெயர் வேண்டாம்; அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆனாலும் குடும்பத்தார் அங்கேதான் இருக்கிறார்கள்.

தொலைபேசியில் கட்டணம் எவ்வளவு என்று கேட்டதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்றார். "வாரம் ஒருமுறை மலையைப் பார்க்க நான் போகத்தான் போகிறேன். நீங்கள் மூன்று பேர் வந்தால் பெட்ரோல் செலவை நாலாகப் பிரிப்போம். வராவிட்டால் முழுச் செலவும் என்னுடையது." அந்த விமானம் மணிக்கு ஏறக்குறைய எட்டு காலன் குடிக்கும், ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குப் பன்னிரண்டு காலன், அப்போது விமானப் பெட்ரோல் காலன் நான்கு டாலர் அளவில் விற்றது. நாற்பத்தெட்டை நாலால் வகுத்தால் ஆளுக்குப் பன்னிரண்டு டாலர். இவ்வளவு மலிவாக ஒருவர் வானத்தில் ஏற்றுகிறார் என்றால் எதில் குறைக்கிறார் என்ற சந்தேகம் எங்களுக்கு வந்தது. நியாயமான சந்தேகம்தான். அதற்கான விடை நாலைந்து வாரங்களில் மெல்ல மெல்லத்தான் கிடைத்தது, ஏனெனில் முதல் மூன்று ஞாயிறும் நாங்கள் பறக்கவே இல்லை.

முதல் ஞாயிறு ஆற்றின்மேல் மேகம் தாழ்ந்து கிடந்தது. பத்து மணிக்கெல்லாம் விலகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள், விலகவும் விலகியது; ஆனால் மலைப்பக்கம் அது விலகியதற்குச் சான்று இல்லை என்று சொல்லி எங்களைக் காப்பி குடிக்க அழைத்துப் போனார். இரண்டாவது ஞாயிறு வானம் கண்ணாடிபோல் இருந்தது. உச்சியில் காற்று பலமாக அடிக்கிறது என்ற அறிக்கையைக் காட்டி மறுத்துவிட்டார். மூன்றாவது ஞாயிறு மேகமும் இல்லை, காற்றும் இல்லை. "நேற்று இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை" என்றார். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மணி நேரம் காரோட்டி மூன்றாவது முறையாக வருகிறோம்" என்றார். அதுவரை மேசைமேல் கிடந்த விமானச் சாவியை முதியவர் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். "இப்போது பறக்காமலிருக்க இரண்டு காரணங்கள் ஆகிவிட்டன" என்றார். வெகுதூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணமே சிறு விமானங்களை மலையில் மோதவைக்கிறது என்பது அவருடைய உறுதியான கருத்து. இத்தகைய பயணத்தை விடுமுறையின் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நண்பர்களுக்கு நான் இன்றும் சொல்வதற்கு அந்த மூன்று ஞாயிறுகளே காரணம். முதல் நாளில் வைத்துக்கொண்டால், விமானி வேண்டாம் என்று சொல்லும்போது நமக்கு இன்னொரு நாள் மிச்சமிருக்கும். அவருக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரும்.

நான்காவது ஞாயிறு, விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கருக்குள் எங்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றினார். அரிசி மண்டியில் மூட்டை நிறுக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரியான இரும்புப் பலகைத் தராசு. எங்கள் வாய்ச்சொல்லை அவர் கேட்கவே இல்லை. போட்டிருக்கும் செருப்பு, சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி, தோளில் தொங்கும் பை எல்லாவற்றோடும் ஏறச் சொன்னார். நான் 171 பவுண்டு, மனைவி 128, தன்னை 180 என்று சொல்லிக்கொண்டு திரிந்த நண்பர் கேமராப் பையோடு 203, முதியவர் 164. மொத்தம் 666 என்று சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் எழுதினார். அந்த விமானம் தன் எடை போகச் சுமக்கக்கூடியது 880 பவுண்டு. அதில் நூறு பவுண்டை அவர் எப்போதும் தொடுவதில்லை. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஆறு பவுண்டு வீதம், பயணத்துக்குப் பன்னிரண்டு காலனும் கையிருப்பாக எட்டுக் காலனும் சேர்த்து 120. பகல் நேரப் பறத்தலுக்கு அரை மணி நேரக் கையிருப்பு இருந்தால் சட்டத்துக்குப் போதும். அவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும். கூட்டினால் 786. அவர் வகுத்துக்கொண்ட எல்லையைவிட ஆறு பவுண்டு அதிகம். நண்பர் கேமராப் பையையும் இரண்டு லென்ஸ்களையும் காரில் வைத்துவிட்டு வந்து மறுபடி ஏறினார்: 196. நாங்கள் கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதத் தூக்குவாளிக்கு இடமில்லை என்பது சொல்லாமலே விளங்கியது. "ஒரு பவுண்டு மிச்சம்" என்று முதியவர் திருப்தியோடு சாக்குக்கட்டியை வைத்தார்.

அந்தத் தராசுக்குப் பின்னால் ஒரு கதையும் இருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது பறக்கும் சங்கங்கள் பவுண்டுக்கு ஒரு சென்ட் என்று எடைபோட்டு மக்களை விமானத்தில் ஏற்றிக் காட்டுவது வழக்கமாம். முதல் உலகப் போர் முடிந்ததும் உபரியான ராணுவ விமானங்களை வாங்கி, ஊர் ஊராகப் போய் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்து வயலில் இறங்கிச் சில டாலருக்குச் சவாரி கொடுத்துப் பிழைத்த விமானிகளின் வழிவந்த பழக்கம் அது. பன்னிரண்டு வயதில் எண்பத்து நாலு சென்ட் கொடுத்து முதன்முதலில் பறந்ததாக அவர் சொல்வார். அன்று தன் எடை அவ்வளவுதான் என்பார்.

விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். வெறுங்கையால் இறக்கையைத் தடவிக்கொண்டே நடப்பார்; கண்ணுக்குத் தப்பும் விரிசல் விரலுக்குத் தப்பாது என்பார். இறக்கையின்மேல் ஏறி, கோடுகள் செதுக்கிய மரக்குச்சியை டேங்குக்குள் விட்டு எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார். உள்ளே இருக்கும் முள் என்ன காட்டினாலும் அவருக்குக் குச்சி காட்டுவதுதான் கணக்கு. டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது பெட்ரோலை இறக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நீல நிறமாக இருந்தது. அதற்குள் அவர் வேண்டுமென்றே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது முத்துப்போல் உருண்டு அடியில் போய் நின்றது. "இது இயந்திரத்துக்குள் போனால் நாம் கீழே போவோம்" என்றார்.

அதன்பின் அவர் செய்ததைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இடது இறக்கையின் முன்விளிம்பில் இருந்த ஒரு சிறு துளையின்மேல் கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து, இளநீர் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சினார். எங்கோ உள்ளேயிருந்து மவுத் ஆர்கன் அழுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப்போகும் தறுவாயில் விமானம் எழுப்பும் எச்சரிக்கை ஒலி அது. காற்று அந்தத் துளை வழியாக உறிஞ்சப்படும்போது தானாக ஊதும். "நான் ஓட்டும்போது தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் மட்டும் இதைக் கேட்கலாம். வேறெப்போது கேட்டாலும் அது நல்ல சேதியில்லை" என்றார்.

ஏறி உட்கார்ந்த பிறகு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, சீட் பெல்ட்டைக் கழற்றிக் கதவை மூன்று முறை திறந்து மூட வேண்டும். என் மனைவி இரண்டாவது முறையில் கைப்பிடியைத் தேடித் தடுமாறியதால் அவருக்கு மட்டும் ஐந்து முறை. புகையிலோ தண்ணீரிலோ கண் உதவாது, கைக்குப் பாடம் ஆகியிருக்க வேண்டும் என்பது காரணம். அவர் வலக்கையை உயர்த்தினால் இறக்கும்வரை ஒருவரும் பேசக்கூடாது. மற்ற நேரத்தில் நாங்கள் வேறு விமானங்களைத் தேடிச் சொல்ல வேண்டும், அதுவும் கடிகாரக் கணக்கில்: மூக்கு நேராகப் பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று மணி.

பறந்தோம். ஆற்றை விட்டு வடக்கே திரும்பியதும் லூயிஸ் ஆற்றின் குறுக்கே கட்டிய மெர்வின், யேல், ஸ்விஃப்ட் நீர்த்தேக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டுப்போல் வந்தன. செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்கு ஒரு மறைப்பும் இல்லை; பார்ப்பதற்காகவே பறக்கிறவர்கள், இறக்கை கீழே இருக்கும் விமானத்தைக் காட்டினால் யோசிக்க வேண்டும் என்பது அன்று பிடிபட்டது. தெற்கிலிருந்து பார்த்தால் மலை முழுதாக இருப்பதுபோலத்தான் தோன்றியது. மேற்கே வளைந்து வடக்குப் பக்கம் வந்தபோதுதான் பாதி மலை இல்லை என்பது விளங்கியது. 1980 மே 18 காலை 8.32க்கு 5.1 அளவிலான நிலநடுக்கம் ஒன்று தாக்க, வாரக்கணக்கில் புடைத்துக்கொண்டிருந்த வடக்குச் சரிவு அப்படியே பெயர்ந்து இறங்கியது. மூடி திறந்த பாத்திரம்போல் உள்ளிருந்த அழுத்தம் பக்கவாட்டில் வெடித்துச் சுமார் 600 சதுர கிலோமீட்டர் காட்டைச் சாய்த்தது. 57 பேர் இறந்தார்கள். 2,950 மீட்டர் இருந்த மலை 2,549 மீட்டர் ஆயிற்று. இவையெல்லாம் நான் முன்பே படித்திருந்த எண்கள்தாம். ஆனால் ஸ்பிரிட் ஏரியின் ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் பாய்விரித்ததுபோல் கிடந்தது என்ன என்று கேட்டு, அன்று வேரோடு பெயர்ந்து விழுந்த மரங்கள், இருபத்தொன்பது ஆண்டுகளாகக் காற்றடிக்கும் பக்கமெல்லாம் ஒதுங்கி மிதக்கின்றன என்று அவர் சொன்னபோதுதான் அந்த எண்களுக்கு உருவம் வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒவ்வொரு மரமும் தீக்குச்சி அளவில் இருந்தது.

எரிமலையின் வாய்க்கு நேர்மேலே அவர் போகவில்லை. பக்கவாட்டில், நல்ல உயரத்தில், விலகியே சுற்றினார். உள்ளே 2004 முதல் 2008 வரை வளர்ந்திருந்த புதிய குழம்புக் குன்றிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. அதை அணைத்துக்கொண்டு ஓர் இளம் பனியாறு கிடந்தது. மலைமுகடுகளை அவர் ஒருபோதும் நேருக்கு நேர் கடக்கமாட்டார். நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் நெருங்குவார். மறுபக்கத்தில் காற்று கீழே இழுத்தால், பாதித் திருப்பத்திலேயே தாழ்நிலத்தின் பக்கம் விலகிவிடலாம். வெடிப்பு நிகழ்ந்த கணத்தில் உச்சிக்கு மேலே ஒரு சிறு செஸ்னாவில் இருந்த ஸ்டோஃபெல் என்ற நிலவியலாளர் தம்பதியையும், மூக்கைச் செங்குத்தாகக் கீழே அழுத்தி வேகம் பிடித்துத் தெற்கே திருப்பி அவர்களைக் காப்பாற்றிய விமானி புரூஸ் ஜட்சனையும் பற்றி அங்கே வைத்துத்தான் சொன்னார். "உயரம் என்பது வங்கியில் கிடக்கும் பணம். அவரிடம் அன்று கொஞ்சம் இருந்தது" என்றார்.

திரும்பும் வழியில், "இப்போது இயந்திரத்தின் சத்தம் சற்று இறங்கும். செய்வது நான்தான், பயப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒரு குமிழை இழுத்தார். சொன்னபடியே சத்தம் இறங்கியது. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் குளிர்ந்துபோகும். ஈரமான நாளில், வெளியே இதமான வெயில் இருந்தாலும், உள்ளே பனிக்கட்டி பிடித்து இயந்திரத்தின் மூச்சை அடைக்கலாம். அதைத் தடுக்கச் சூடான காற்றை உள்ளே விடுவதற்கான குமிழ் அது. எதைச் செய்வதானாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டே செய்வது அவருடைய மற்றொரு கிறுக்கு. இறக்கையைச் சாய்ப்பதற்கு முன்னால் சொல்வார். ரேடியோவில் பேசுவதற்கு முன்னால்கூடச் சொல்வார்.

அவருடைய எல்லாக் கிறுக்குகளுக்கும் காரணம் இருந்தது என்று எழுதிவிட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை அப்படியில்லை. வாழைப்பழத்தை விமானத்துக்குப் பக்கத்தில் அனுமதிக்கமாட்டார், அதற்கு எந்தக் காரணமும் கிடையாது. வானிலை ஆராய்ச்சி நிலையம் சொல்வதைவிடத் தம் முழங்கால் வலி சொல்வது மேல் என்பார். அந்த முழங்கால் என் கணக்கில் இரண்டுமுறை தவறாகச் சொன்னது.

மலிவின் ரகசியத்துக்கு வருகிறேன். அவர் இளமையில் காட்டுத் தீயைக் கண்காணிக்கும் விமானங்களை ஓட்டியவர். ஊதியத்துக்குப் பறக்கும் உரிமம் வைத்திருந்தவர். ஆனால் ஊதியத்துக்குப் பறக்க வேண்டுமானால் ஆண்டுக்கொரு முறை கூடுதலான மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். எழுபது வயதானதும் அதை விட்டுவிட்டு, தனியார் விமானிக்குரிய சோதனையோடு நிறுத்திக்கொண்டார். அமெரிக்க விதிப்படி அப்படிப்பட்டவர் பயணிகளிடம் கூலி வாங்கக் கூடாது. பெட்ரோல், ஆயில், விமானத் தளக் கட்டணம், விமானம் வாடகைக்கு எடுத்ததானால் அந்த வாடகை ஆகியவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். அதிலும் தன் பங்கை அவரே போட வேண்டும். வாருங்கள் என்று ஊருக்கு விளம்பரம் செய்யவும் கூடாது. ஆகவேதான் பலகையும் இல்லை, அட்டையும் இல்லை. ஒவ்வொரு முறையும் பெட்ரோல் பம்பின் ரசீதை எங்கள் எதிரிலேயே நாலால் வகுத்து, தம் பன்னிரண்டு டாலரைத் தம் பணப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த பிறகே எங்களிடம் கைநீட்டுவார். மலிவுக்குக் காரணம் பராமரிப்பில் கைவைத்தது அன்று. அவருடைய உழைப்புக்கும் விமானத்தின் தேய்மானத்துக்கும் நாங்கள் ஒரு சென்ட்கூடக் கொடுக்காததுதான்.

காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டுகிறவர்களின் நிலை வேறு. அங்கே ஓட்டுகிறவரிடம் ஊதிய உரிமம் இருக்க வேண்டும். விமானத்துக்கு ஆண்டுச் சோதனை மட்டும் போதாது, நூறு மணி நேரம் பறந்ததும் ஒரு சோதனை நடக்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே நிற்காமல் திரும்பிவரும், இருபத்தைந்து மைலுக்குள் அடங்கும் சுற்றுலாப் பறத்தலுக்கென்று விமானத்துறையின் தனி அனுமதிக் கடிதம் உண்டு. அதற்கு அப்பால் போனால் இன்னும் கடுமையான விதிகள். இந்த இரண்டு வகைக்கும் நடுவே, செலவைப் பகிர்வதாகச் சொல்லிக்கொண்டு லாபம் பார்க்கும் மூன்றாவது வகை ஒன்று உண்டு. ரசீதைக் காட்டத் தயங்குகிறவர் அந்த வகை என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: நம்மில் பலர் ஆயுள் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் ஏறுகிறோம். சில பாலிசிகளில், கால அட்டவணைப்படி பறக்கும் விமானத்தில் டிக்கெட் வாங்கிய பயணியாக இருந்தால்தான் இழப்பீடு என்று சிறிய எழுத்தில் இருக்கும். என்னுடையதில் இருந்தது. இரண்டாவது பயணத்துக்குப் பிறகுதான் அதை எடுத்துப் படித்தேன்.

2010 ஆகஸ்டில் என் அப்பா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆங்கிலம் நாலு வார்த்தைக்குமேல் பேசமாட்டார். முதியவர் சோதனைச் சுற்றைத் தொடங்கியதும் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவருக்கு இரண்டடி பின்னே கூடவே நடந்தார். முதியவர் ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அதை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதன் நுனியை இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார். டயருக்குப் பக்கத்தில் வந்ததும், இந்த முறை அப்பா முந்திக்கொண்டு குனிந்து பக்கவாட்டில் ஒரு வெடிப்பு இருக்கிறதா என்று தடவினார். கிழவர்கள் இருவரும் கால் மணி நேரம் அப்படியே போனார்கள். ஏறுவதற்கு முன்னால் அப்பா என்னைத் தனியே அழைத்து, "ஏம்பா, இவரு எந்த டிப்போவுல இருந்தாரு?" என்று கேட்டார். எங்கள் எல்லாரையும்விட அன்று பயமில்லாமல் பறந்தவர் அவர்தான். மனைவிக்குத்தான் அந்தப் பயணத்தில் குமட்டல் வந்தது, ஏனெனில் முன்தினம் வாங்கிய கேமராவின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதியவர் அவர் கையிலிருந்ததைக் கீழே வைக்கச் சொல்லி, தூரத்தில் தெரிந்த ஆடம்ஸ் மலையை மட்டும் பார்க்கச் சொன்னார். இஞ்சி மிட்டாயும் கொடுத்தார். பத்து நிமிடத்தில் சரியாயிற்று. படம் எடுக்க விரும்புகிறவர்கள் கருநிறச் சட்டை போட்டுக்கொண்டால் கண்ணாடியில் நம் பிம்பம் விழாது. முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றினால் இயந்திரத்தின் அதிர்வு முழுவதும் படத்தில் வரும். பாதி நேரம் எடுத்தது போதும் என்று வைத்துவிடுவதே நல்லது.

அடுத்த ஆண்டு, ஒரு பாலைநில மாநிலத்தில், கூப்பன் ஒன்றின் புண்ணியத்தில் பாதி விலைக்கு வேறு ஒருவரோடு பறந்தோம். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. விமானிக்கு இருபத்தைந்து வயதிருக்கும்; இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, இனிமையான பேச்சு, கிறுக்கு எதுவும் கிடையாது. ஐந்தாயிரம் அடி உயரத்தில் இருந்த ஓடுபாதை, பிற்பகல் மூன்று மணி, 35 பாகை வெயில். யாரையும் எடைபோடவில்லை, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏறச் சொன்னார். என் சீட் பெல்ட்டின் கொக்கி பிடிக்கவில்லை என்றதற்கு, "அது அப்படித்தான், கையால் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் பிடித்துக்கொண்டேன். அங்கேயே இறங்கியிருக்க வேண்டும் என்று பிறகு பலநாள் நினைத்ததுண்டு. ஆனால் காசு கட்டியாயிற்று, கூட வந்தவர்கள் குதூகலமாக இருந்தார்கள், ஒருவன் மட்டும் இறங்குவது மரியாதையில்லை என்று தோன்றியது. வெயில் ஏற ஏறக் காற்று இளைத்துப்போகும். அந்த உயரத்தில் அந்த வெயிலில், விமானத்துக்கு அது எட்டாயிரம் அடிக்கு மேலே நிற்பதற்குச் சமம். ஓடுபாதை தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் எழும்பியபோது மவுத் ஆர்கன் அழுதது.

மற்றவர்கள் அதை ஏதோ காற்றுச் சத்தம் என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கைக்குட்டையும் துளையும் நினைவுக்கு வந்து உள்ளங்கால் வரை குளிர்ந்தது. அந்த இளைஞர் மூக்கைத் தாழ்த்தினார். வேலிக்கு மேலே சொற்ப உயரத்தில் சற்றுநேரம் தவழ்ந்து, வேகம் பிடித்து மேலே போனோம். ஒன்றும் ஆகவில்லை. இறங்கிய பின்பு எடை பார்க்காதது ஏன் என்று கேட்டேன். இதுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை என்றார்.

அன்றிலிருந்து சிறு விமானத்துக்குப் பதிவு செய்யும்போது நான் முதலில் கேட்பது எங்களை எடைபோடுவீர்களா என்பதைத்தான். கேட்டதும் எதிர்முனையில் வரும் தொனியிலேயே பாதி தெரிந்துவிடும். வானிலை சரியில்லையென்றால் பணம் முழுதாகத் திரும்புமா என்பது அடுத்தது. திருப்பித் தராத நிறுவனத்தில், பறக்காவிட்டால் நமக்கு நட்டம், பறந்தால் அவர்களுக்கு லாபம் என்று ஆகி, எல்லாரும் ஒரே திசையில் தள்ளுவார்கள். காலை முதல் பயணத்தையே கேட்டு வாங்குகிறேன். குளிர்ந்த காற்று கனமானது, குலுக்கலும் குறைவு. அமெரிக்காவில் விமானத்தின் பக்கவாட்டில் 'என்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணை அரசுப் பதிவேட்டில் தேடினால் உரிமையாளரும் தயாரிப்பு ஆண்டும் இலவசமாகத் தெரியும். விபத்து விசாரணை வாரியத்தின் தரவுத்தளத்தில் தேடினால் அதன் பழைய கதையும் தெரியும். பத்து நிமிட வேலை.

முதியவரோடு நான் மொத்தம் ஏழுமுறை பறந்தேன். ஏழாவது பயணம் 2013 ஜூனில். நான் முன்னிருக்கையில் அவர் பக்கத்தில் இருந்தேன். திரும்பும் வழியில் யேல் நீர்த்தேக்கத்தின்மேல் திடீரென்று இயந்திரத்தின் சத்தம் இறங்கியது. நான் திடுக்கிட்டு இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய கை அந்தக் குமிழின்மேல் இருந்தது. சூடான காற்றைத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான். சொல்லாமல் திறந்துவிட்டார். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு தம் கையைப் பார்த்தார். இறங்கும்வரை ஒன்றும் பேசவில்லை. இறங்கியது வழக்கம்போல் பஞ்சுமேல் வைத்ததுபோலத்தான் இருந்தது. ஹேங்கரில் குறிப்பேட்டை எடுத்து நேரத்தை எழுதியவர், அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினார், நான் படிக்கவில்லை. எனக்கு அதில் ஒன்றுமே இல்லை, மறதி யாருக்கும் வருவதுதானே என்றேன். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றார். மலையைப் பார்க்க வாரம் ஒருமுறை போவது நிற்கவில்லை, ஆனால் அதன்பிறகு அவர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு பறக்கவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் தனியாகப் பறப்பதையும் விட்டு, விமானத்தைத் தமக்கு அவ்வப்போது தேர்வு வைத்த பயிற்றுநருக்கே விற்றுவிட்டார். எழுபதுகளின் கடைசியில் இருந்த அவரை எந்த மருத்துவரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த நாட்டில் பயணிகள் விமான நிறுவனத்தில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அறுபத்தைந்து என்று வயது வரம்பு உண்டு; தனியார் விமானிக்குக் கிடையாது.

2014 கோடையில் அந்தப் பயிற்றுநரிடமிருந்து அழைப்பு வந்தது. மலையைப் பார்க்கப் போவதாகவும் இரண்டு இடங்கள் இருப்பதாகவும் சொன்னார். நானும் மனைவியும் போனோம். ஹேங்கருக்குள் தராசு அதே இடத்தில் இருந்தது. முதியவர் அதன்மேல் நின்றுகொண்டிருந்தார், சிவப்பும் பச்சையுமாக. 159 என்று கரும்பலகையில் எழுதினார். பெட்ரோல் விலை ஏறியிருந்ததால் அன்று பங்கு பதினைந்து டாலர் ஆயிற்று. தம் பங்கை முதல் ஆளாக மேசைமேல் வைத்தார். பிறகு பின்னிருக்கையில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி பெல்ட்டைக் கழற்றி, முன்னிருக்கையை மடக்கி, கதவின் கைப்பிடியை எட்டித் தேடிப்பிடித்துத் திறந்து மூடினார். மூன்று முறை.